சந்தையில் ஒதுக்கியது, கொல்லையில் கட்டியது

காய்கறிச் சந்தையில் குவியும் கழிவையும் பசுந்தீவனம் இல்லாமல் மெலியும் ஆடுமாடுகளையும் சேர்த்து நினைக்கும் எவருக்கும் ஒரு தீர்வு சட்டென்று தோன்றிவிடும்: இதை அள்ளி அங்கே போட்டால் என்ன? புள்ளிவிவரங்களும் அதற்குத் தலையாட்டுகின்றன. லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப் பின்சார் பொறியியல் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் அறுவடை தொடங்கி விற்பனை வரைக்குள் தக்காளியில் 12.44 விழுக்காடும் கொய்யாவில் 15.88 விழுக்காடும் வீணாகின்றன. ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனம் தன் தொலைநோக்கு ஆவணத்தில் பசுந்தீவனப் பற்றாக்குறையை 35.6 விழுக்காடு என்று கணித்தது. பிறகு வந்த மதிப்பீடுகள் இதைக் குறைத்துச் சொன்னாலும், பற்றாக்குறையே இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு வெள்ளாடுகள் மட்டும் ஏறத்தாழ 99 லட்சம். அவற்றில் பல வீட்டுக் கொல்லையிலும் சுவரோரத் தாழ்வாரத்திலும் இரண்டும் மூன்றுமாகக் கட்டி வளர்க்கப்படுபவை. 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டம் ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு நான்கு நான்கு ஆடுகளாகக் கொடுத்தபோது, மேய்க்க இடமில்லாத வீடுகளுக்கும் ஆடு வந்து சேர்ந்தது. வீணாகும் காயையும் பசித்த வயிற்றையும் இணைக்க நாலு லாரி போதாதா என்ற கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. போதாது. ஏனென்றால் குறை லாரியில் இல்லை.

சந்தையில் எது, எப்படிக் கழிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சென்னை கோயம்பேடு மொத்த விற்பனை வளாகம் 1996-இல் தொடங்கியது. அதற்கு முன் கொத்தவால்சாவடியில் நடந்த வியாபாரம் அது. நள்ளிரவுக்குப் பிறகு லோடு இறங்கும். காலிஃபிளவர் மூட்டையைப் பிரித்ததும் கடைப்பையன் செய்யும் முதல் வேலை, வழியில் அடிபடாமலிருக்கப் பூவைச் சுற்றி விட்டு வைத்திருந்த இலையைக் கத்தியால் சீவித் தள்ளுவது. முட்டைகோஸில் மேல் இரண்டு மூன்று இலை, முள்ளங்கியில் தழை, மக்காச்சோளத்தில் மேல்தோல், வாழைத்தாரில் காம்பு எல்லாம் இப்படியே போகும். இவை வெட்டிய நொடியில் பச்சைப்பசேலென்று இருப்பவை. கெட்டுப்போனவை என்று சொல்லவே முடியாது. வீணாகும் காயைக் கணக்கிடும் ஆய்வுகளில் இந்தத் தழை வராது, ஏனெனில் அது விற்பனைக்கு வந்த சரக்கே இல்லை. இரண்டாவது வகை, விலை படியாமலோ அளவு சிறுத்தோ நின்றுபோன காய்: வளைந்த வெள்ளரி, வெடித்த தக்காளி, முற்றிய வெண்டை. மூன்றாவது வகை உண்மையான அழுகல். தீவனமாகத் தகுந்தவை முதல் இரண்டும் மட்டுமே. ஆனால் மூன்றும் விழுவது ஒரே தரையில். காலை எட்டு மணிக்குள் அதன்மேல் தள்ளுவண்டி ஏறி, சுமைதூக்குபவர்கள் மிதித்து, கட்டிய பிளாஸ்டிக் கயிறும் டீ கப்பும் சேர்ந்து, கடைசியில் துடைப்பம் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதன்பிறகு எந்த இயந்திரமும் எந்தத் திட்டமும் அதைத் தீவனமாக்க முடியாது. கழிவு எத்தனை டன், ஆடு எத்தனை லட்சம் என்று கேட்பதைவிட, சீவிய இலை தரையில் விழுகிறதா கூடையில் விழுகிறதா என்று கேட்பதே இந்த விஷயத்தின் மையம். அந்தக் கூடைக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பது அதற்கடுத்த கேள்வி.

இப்படிச் சொல்வதற்கு அடிப்படை, காய்கறியில் இருக்கும் தண்ணீர். முட்டைகோஸ் இலையில் பத்தில் ஒன்பது பங்கு நீர்; தக்காளியில் அதைவிடவும் அதிகம். 25 கிலோ எடையுள்ள வெள்ளாடு ஒன்றுக்கு, உடல் எடையில் மூன்றிலிருந்து நான்கு விழுக்காடு என்ற வழக்கமான கணக்கில், நாளொன்றுக்கு முக்கால் முதல் ஒரு கிலோ வரை உலர்பொருள் வேண்டும். அதை முட்டைகோஸ் இலையாலேயே நிரப்ப நினைத்தால் எட்டு முதல் பத்து கிலோ இலை ஆகும். ஆடு அவ்வளவும் தின்னாது, தின்றாலும் கழிச்சல் கண்டு படுத்துவிடும். இன்னொரு பக்கத்தில், அந்த உலர்பொருளின் தரம் மோசமில்லை. காலிஃபிளவர், முட்டைகோஸ் இலைகளின் உலர்பொருளில் புரதம் நூற்றுக்கு 15 முதல் 20 வரை இருக்கிறது. பட்டாணித் தோலும் ஏறக்குறைய அப்படியே. 40 கிலோ இலையை டிவிஎஸ் 50 வண்டியில் கட்டி எடுத்துப் போனால் கையில் கிடைப்பது 4 கிலோ உலர்பொருள், அதில் சுமார் 600 கிராம் புரதம். ஒன்றரை கிலோ கடலைப் புண்ணாக்கில் இருக்கும் புரதம் இது. புண்ணாக்குக் கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் மூட்டையின் மதிப்பு 75 ரூபாய். சந்தை 10 கி.மீ. தொலைவில் இருந்தால் போய்வரும் பெட்ரோலே 40 ரூபாயைத் தின்றுவிடும், 20 கி.மீ. என்றால் மிச்சம் ஏதுமில்லை, ஆளின் நேரம் வேறு போகிறது. லாரியில் ஏற்றினால் கிலோவுக்கான செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் லாரி நிறையும்வரை காத்திருக்க வேண்டும், குவித்து வைத்த ஈரத்தழை அதற்குள் உள்ளே சூடேறி நாறத் தொடங்கிவிடும். தூரமும் நேரமும் சேர்ந்து இந்தப் பண்டத்துக்கு ஓர் எல்லை கட்டிவிடுகின்றன. அன்றைக்குச் சீவியதை அன்றைக்கே, பக்கத்தில் இருப்பவர் எடுத்துப் போனால்தான் இதில் லாபம்.

அடுத்தது வயிறு. ஆடும் மாடும் எதையும் தின்னும் என்பது நம் ஊரில் வேரூன்றிய நம்பிக்கை. தின்னும், சந்தேகமில்லை. தின்ற பிறகு என்ன ஆகிறது என்பதே கவலை. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பை நுண்ணுயிர்களால் இயங்குவது. அந்த நுண்ணுயிர்கள் நேற்று வரை வைக்கோலையும் சோளத்தட்டையையும் செரித்துப் பழகியவை. திடீரென்று ஒரு கூடை கனிந்த வாழைப்பழமோ மாம்பழமோ, கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறோ உள்ளே போனால் சர்க்கரையும் மாவும் வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் பெருகும். வயிற்றின் அசைவு நிற்கும், மாடு தீனி எடுக்காது, கவனிக்காவிட்டால் இரண்டொரு நாளில் செத்தும் போகும். கால்நடை மருத்துவர்களுக்கு முகூர்த்த மாதங்களில் இது பழகிப்போன நோய். கோஸ் வகை இலைகளில் வேறு சிக்கல்: தைராய்டைப் பாதிக்கும் பொருள்களும், அளவு மீறினால் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் கந்தகச் சேர்மமும் அவற்றில் உண்டு. மொத்த உலர்பொருளில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், வைக்கோலோடு கலந்து, பத்து நாளில் படிப்படியாகப் பழக்கினால் பயமில்லை. வெங்காயமும் இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். அதை ஆட்டைவிட மாடு குறைவாகவே தாங்கும், பாலிலும் வாடை ஏறும். பச்சை பாய்ந்த, முளைவிட்ட உருளைக்கிழங்கில் உள்ள நஞ்சு வேகவைத்தாலும் போகாது. முழு உருளையும் மாங்கொட்டையும் தொண்டையில் சிக்கும். கொடைக்கானல் கீழ்மலைப் பக்கத்தில் விளையும் வெண்ணெய்ப்பழம் ஆட்டுக்கும் கோழிக்கும் நஞ்சு என்பது அதை விற்பவர்களில் பலருக்கே தெரியாது. கோழிக்கு நார் செரிக்காது. கீரையும் மென்தழையும் கொத்திப் பொறுக்கும் அளவுக்குப் போதும். அழுகிய குவியலில் புழு பொறுக்கட்டும் என்று விடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அழுகலில் வளரும் பாட்டுலிசம் கிருமியின் நஞ்சு புழுவோடு சேர்ந்து உள்ளே போனால் கோழி கழுத்தைத் தொங்கப்போட்டுச் சாகும்.

இந்தப் பட்டியலைப் படிப்பவர் மிரண்டுபோய் இதெல்லாம் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடலாம். சேலம், நாமக்கல் வட்டாரத்தை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். மரவள்ளியின் தோலிலும் இலையிலும் சயனைடு உருவாகும் என்பது அங்கே ஆடு வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். பச்சை இலை மேய்ந்த ஆடு சாவதைப் பார்த்தவர்கள் அவர்கள். அதே ஊர்களில்தான் ஜவ்வரிசி ஆலைகளில் மாவெடுத்தபின் மிஞ்சும் திப்பியை வெயிலில் உலர்த்தி மாட்டுத் தீவனத்தில் கலக்கிறார்கள். அரைத்தலும் அலசலும் உலர்த்தலும் நஞ்சைப் பெருமளவு போக்கிவிடுகின்றன. திப்பி இன்று காசுக்கு விற்கும் சரக்கு. எந்தக் கழிவு எங்கிருந்து வருகிறது, அதில் என்ன இருக்கிறது, என்ன பக்குவம் செய்ய வேண்டும் என்பது ஒரு தொழிலுக்குள் பழக்கமாகிவிட்டால் ஆபத்தான பொருளும் தீவனமாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. காய்கறிச் சந்தைக் கழிவுக்கு அந்தப் பழக்கம் ஏற்படாததற்குக் காரணம், அதன் கலவை நாளுக்கு நாள் மாறுவது. திப்பி என்றும் திப்பி. சந்தைக் குவியலில் இன்றைக்கு முள்ளங்கித் தழை, நாளைக்கு அழுகிய பலாச்சுளை. ஒரே கடையிலிருந்து, ஒரே வகைத் தழையை எடுப்பவருக்கு மட்டும் இந்தத் தடுமாற்றம் கிடையாது. கோஸ் கடைக்காரர் என்றைக்கும் கோஸ்தான் சீவுகிறார்.

ஒதுக்காமல் கலந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று தேடி அலைய வேண்டாம். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். தெருவில் காய்கறிக் குப்பை தின்று வளரும் மாட்டுக்கு நேர்வது இதுதான்: காயின் மணத்துக்காகப் பையோடு விழுங்குகிறது, பை செரிப்பதில்லை, வெளியேறுவதுமில்லை. வீசியெறிந்த கம்பித்துண்டு வலைவயிற்றைத் துளைத்து இதயம்வரை போவதுமுண்டு. ஆயுத பூஜைக்கு மறுநாளைக் கவனித்தால் போதும். சந்தை வாசலில் விற்காமல் நின்ற வாழைக்கன்றும் பூசணியும் டன் கணக்கில் கிடக்கும். விற்காத பூசணி அருமையான தீவனம். அதே தெருவில் உடைத்துப்போட்ட பூசணிக்குள் குங்குமமும் சில்லறைக் காசும் இருக்கும். இரண்டும் பூசணிதான், இரண்டும் ஒரே நாள் கழிவுதான். கடையில் ஒதுக்கியதை மாட்டுக்குத் தரலாம், சாலையில் வாரியதைத் தரக்கூடாது.

இங்கே எழும் எதிர்வாதங்களில் கனமானது நோய் பற்றியது. 2001-இல் இங்கிலாந்தைக் குலைத்த கோமாரி நோய், நார்தம்பர்லாந்தில் ஹெடன் ஆன் த வால் என்ற ஊரில் இருந்த பன்றிப் பண்ணையில் தொடங்கியது என்றும், சரியாக வேகவைக்காத உணவக எச்சிலைப் பன்றிகளுக்குப் போட்டதே காரணம் என்றும் அந்நாட்டு அரசின் விசாரணை முடிவு செய்தது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. அதே ஆண்டில் எச்சில் தீவனம் தடை செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் பின்தொடர்ந்தது. இன்றும் பிரிட்டனில் வீட்டுச் சமையலறை வழியாக வந்த காய்த்தோலைக் கொல்லைக் கோழிக்குப் போடுவது சட்டப்படி குற்றம். விலங்குப் பொருளே நுழையாத வீடு மட்டும் விலக்கு. தென்கொரியாவும் 2019-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்ததும் பன்றிகளுக்கு எச்சிலுணவு போடுவதைக் கட்டுப்படுத்தியது. அந்தக் காய்ச்சல் 2020-இல் அசாம் வழியாக இந்தியாவுக்கும் வந்து, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் வரை எட்டிவிட்டது. எனவே ஹோட்டல் எச்சிலை வாளி வாளியாக ஏற்றிப் பன்றிக்குப் போடும் நம்மூர்ப் பழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் பிரிட்டன் சட்டத்தையே இன்னும் நெருங்கிப் படித்தால் அது காயைத் தடுக்கவில்லை என்பது தெரியும். இறைச்சியோ மீனோ பாலோ படாத இடத்திலிருந்து, படவில்லை என்று உறுதி செய்யும் நடைமுறையோடு வரும் காய்கறியை அங்கேயும் கால்நடைக்குத் தரலாம். மூலம் தெரிந்ததா, கலக்காததா என்பதையே சட்டம் பார்க்கிறது. காய், கனி, பூ மட்டும் விற்கும் மொத்தச் சந்தை இந்த நிபந்தனையை வாசலிலேயே நிறைவு செய்கிறது. உள்ளே இருக்கும் சாப்பாட்டுக் கடைகளின் வாளி மட்டும் தனியாகப் போனால் போதும். ஜப்பான் இன்னும் ஒரு படி போய், 2001 முதல் நடைமுறையில் உள்ள உணவு மறுசுழற்சிச் சட்டத்தின் கீழ், வெப்பமூட்டிப் பதப்படுத்திய எச்சங்களை ‘எக்கோஃபீட்’ என்ற பெயரில் தீவனமாகவே அங்கீகரித்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட கட்டுரை, இந்த முறையை ஐரோப்பா ஏற்றால் 18 லட்சம் ஹெக்டேர் விளைநிலம் மிச்சமாகும் என்று மதிப்பிட்டது. பதப்படுத்தும் ஆலை பெரிய பன்றிப் பண்ணைக்குத்தான் கட்டுபடியாகும், நம் கொல்லை ஆட்டுக்கு ஆகாது. ஆட்டுக்கு அது தேவையுமில்லை, தழை தழையாகவே வந்தால்.

பூச்சிமருந்து பற்றிய ஆட்சேபத்தை இவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. காலிஃபிளவரும் கோஸும் கடுமையாக மருந்தடிக்கப்படும் பயிர்கள். மருந்து முதலில் படுவதும் அதிகம் படுவதும் வெளி இலையில். நாம் சீவித் தள்ளி ஆட்டுக்குப் போடுவது சரியாக அந்த இலையைத்தான். தமிழ்நாட்டிலிருந்து போகும் காய்கறியில் நச்சு எச்சம் மிகுதி என்று கேரள அரசு 2015-இல் எழுப்பிய புகாரை நாம் அப்போது வெறும் வியாபாரப் போட்டியாகப் பேசிக்கொண்டோம், மனிதத் தட்டுக்கு எழுந்த அந்தக் கேள்வி கொட்டிலுக்கும் பொருந்தும் என்று யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. அலசினால் மேலே ஒட்டியிருப்பது ஓரளவு போகும். திசுவுக்குள் ஊடுருவும் மருந்து போகாது. கறவை மாட்டுக்கு இந்த இலையைத் தினமும் கொடுப்பதில் தயக்கம் காட்டுவது சரியே. பூஞ்சை நஞ்சும் அப்படித்தான். உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் 2018-இல் எடுத்து 2019-இல் வெளியிட்ட நாடளாவிய பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 368-இல் அஃப்ளாடாக்சின் எம்-1 வரம்பைத் தாண்டியிருந்தது, தமிழ்நாட்டில் 551 மாதிரிகளில் 88. எண்ணிக்கையில் மாநிலங்களில் அதுவே அதிகம். இந்த நஞ்சு பெரும்பாலும் வருவது பூஞ்சை பிடித்த புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் இருந்து. ஆகவே கழிவுக் காயைக் காட்டி மிரட்டுகிறவர்கள், காசு கொடுத்து வாங்கும் மூட்டைத் தீவனம் மட்டும் தூய்மையானது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அன்றன்று வந்த பச்சைத்தழையில் பூஞ்சை பிடிக்க நேரமில்லை. இரண்டாம் நாள் மிச்சம்தான் சிக்கல். இறைச்சிக்கு வளரும் கிடாவுக்கு, விற்பதற்குச் சில வாரங்கள் முன்பே தழையை நிறுத்திவிட்டு மரத்தீனிக்கு மாற்றும் பழக்கம் ஏற்பட்டால் நல்லது. அகத்தியும் சூபாபுல்லும் எதற்கு இருக்கின்றன?

மனிதனுக்கே போதாதபோது ஆட்டுக்குக் காயா என்று கேட்பவர்கள் உண்டு. முறைவரிசை அவர்கள் சொல்வதுதான்: முதலில் வீணாகாமல் பார்ப்பது, அடுத்து மனிதர் உண்பது, பிறகு விலங்கு, அதன்பின் உரமும் எரிவாயுவும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 2023 வரிசையும் கால்நடைத் தீவனத்தை உரத்துக்கு மேலேதான் வைத்திருக்கிறது. முட்டைகோஸின் மேல் இலையை யாரும் சமைக்கப் போவதில்லை என்பதால் முதல் வகைக் கழிவில் மோதலே எழாது. தக்காளியில் எழும். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்தில் விலை கவிழும்போதெல்லாம் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாத தக்காளியைச் சாலையோரம் கொட்டுகிறார்கள், அல்லது செடியோடு விட்டு ஆடுமாடுகளை உள்ளே ஓட்டுகிறார்கள். இதை மாட்டுக்குப் பயன்பட்டதே என்று தேற்றிக்கொள்வது விவசாயிக்குச் செய்யும் அவமதிப்பு. விலை கவிழ்வதற்கான தீர்வு குளிர்கிடங்கிலும் கூழ் ஆலையிலும் இருக்கிறது, கொட்டிலில் இல்லை. நான் இங்கே வாதிடும் தீவனம் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகக் கழிவது. திடீர்ப் பெருக்கு அதில் சேராது. ஒரு வாரம் மூட்டை மூட்டையாகத் தக்காளியும் அடுத்த ஐந்து மாதம் ஒன்றுமில்லாமலும் வரும் தீனியை ஆட்டின் வயிறு ஏற்காது.

இனி, அளவு பற்றிய எதிர்வாதம். நாளுக்கு நூறு டன்னுக்கு மேல் கழியும் கோயம்பேட்டில் ஆளுக்கு 40 கிலோ எடுத்துப் போய் என்ன ஆகிவிடும், எரிவாயு ஆலைதானே வழி என்பார்கள். ஹைதராபாத் போயின்பள்ளிச் சந்தையின் ஆலை 10 டன் கழிவிலிருந்து ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரம் எடுத்துப் பெயர் வாங்கியிருக்கிறது. கோயம்பேட்டிலேயே 2005 வாக்கில் 30 டன் திறனுள்ள ஆலை அமைந்தது, முடங்கிக் கிடந்த காலங்களும் அதற்கு உண்டு. ஆலைகளுக்கு நான் எதிரி அல்ல. கலந்துபோன குவியலுக்கும் அழுகலுக்கும் அவை வேண்டும். ஆனால் ஆலை முடங்குவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது, தரம் பிரிக்காத கழிவும் கல்லும் கயிறும் உள்ளே வருவது. கடையிலேயே பிரிப்பது ஆலைக்கும் உயிர்நாடி. தழை ஒரு கூடைக்கும் அழுகல் ஒரு தொட்டிக்கும் போகட்டும், இரண்டுக்கும் போட்டியில்லை. நூறு டன்னில் ஐந்து டன் ஆட்டுக்குப் போனால் குப்பைப் பிரச்சினை தீராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேலே போட்ட கணக்கில் அந்த ஐந்து டன்னுக்குள் 500 கிலோ உலர்பொருள் இருக்கிறது. ஒவ்வோர் ஆட்டின் தீனியிலும் மூன்றில் ஒரு பங்காகக் கலந்தால் ஆயிரத்து ஐந்நூறு ஆடுகளுக்கு மேல் தாங்கும். குப்பை மேலாண்மைக்கு அது சொற்பம், நான்கு ஆடு வைத்திருக்கும் நானூறு வீடுகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

இந்த வீடுகளுக்கு அது எப்படிப் போய்ச் சேரும், யார் கூடை வைப்பார் என்பதற்கு நம்மிடம் ஒரு பழைய முறை இருக்கிறது. அரிசி கழுவிய நீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் எல்லாம் சேரும் கழுநீர்ப் பானை வாசலோரம் இருக்கும். மாடு வைத்திருப்பவர் காலையில் வந்து எடுத்துப் போவார், மாடு கன்று ஈன்றால் ஒரு செம்பு சீம்பால் திரும்பி வரும். எழுத்தில்லாத அந்த ஒப்பந்தம் நீடித்ததற்கு, எந்த வீடு, எந்த மாடு என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்ததே காரணம். ஊசிப்போன எதையாவது பானையில் போட்டால் மறுநாள் கேள்வி வரும். சந்தையில் அந்த முகப்பழக்கத்தை உண்டாக்க ஆகும் செலவு பெரிதல்ல, ஆனால் இல்லாமலும் இல்லை. விடியற்காலை நெருக்கடியில் கடைப்பையனுக்குச் சீவியதைக் கூடையில் போடுவது கூடுதல் வேலை. நாலடி இடமும் போகிறது. இலவசமாகக் கேட்டால் ஒரு வாரம் செய்வார், பிறகு கைவிடுவார். விலை கொடுத்தால் வேறொன்று நடக்கும்: தழைக்கு மதிப்பு வந்ததும் மொத்தமாக எடுக்க ஒப்பந்தக்காரர் வருவார், பெரிய பால் பண்ணைக்கு ஏற்றுவார், நான்கு ஆட்டுக்காரப் பெண்ணுக்குப் பழையபடி தரையில் கிடப்பதே மிஞ்சும். சந்தை நிர்வாகம் கடைகளிடம் வாங்கும் துப்புரவுக் கட்டணத்தில், தழையைப் பிரித்துத் தரும் கடைக்குத் தள்ளுபடி கொடுப்பதே இரண்டுக்கும் நடுவழி. குப்பை குறைந்தால் லாரி நடை குறையும், அந்த மிச்சத்திலிருந்து இதைக் கொடுக்கலாம். 2016-இன் திடக்கழிவு விதிகள் சந்தைக் கழிவை அந்தந்த இடத்திலேயே கையாளச் சொல்லின. உரத்தையும் எரிவாயுவையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டன. தீவனத்தையும் சேர்த்திருந்தால் அதிகாரிகளுக்குத் தைரியம் வந்திருக்கும்.

மழைக்காலம் தனி. ஐப்பசி, கார்த்திகையில் தழை கூடையிலேயே கொழகொழத்துவிடும். நறுக்கி, வைக்கோலோடு கலந்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டிரம்மில் அழுத்தி மூடினால் மூன்று நான்கு வாரத்தில் ஊறுகாய்ப்புல்லாகிவிடும். பெங்களூருவில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் அன்னாசிக் கழிவை இப்படிப் பதப்படுத்திக் காட்டியிருக்கிறது. ஈரம் மிகுந்த தழைக்கு வைக்கோல் நிறைய வேண்டும், இல்லாவிட்டால் அது ஊறாமல் அழுகும். வைக்கோல் விலை ஏறியிருக்கும் ஆண்டில் இது கட்டுபடியாகாது.

கடைசித் தடை ஊரின் அமைப்பு. பெருநகரச் சந்தையைச் சுற்றி ஆடுமாடு கட்ட இடமில்லை. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற விலங்குகள், பறவைகள் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமம் கேட்கிறது. 2023-இல் சென்னை அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமியைத் தெருமாடு முட்டித் தூக்கியெறிந்த பிறகு மாநகராட்சி அபராதத்தை உயர்த்தியது. சந்தை நகரில், ஆடு கிராமத்தில், நடுவே பெட்ரோல் செலவு என்று மேலே போட்ட கணக்கு முட்டுச்சந்தில் நிற்பது போலத் தெரியும். ஆனால் கிராமத்திலிருந்து காய் ஏற்றிவரும் வண்டி திரும்பிப் போகும்போது காலி க்ரேட்டோடு போகிறது. அந்தப் பயணத்துக்கான டீசல் ஏற்கெனவே செலவாகிவிட்டது. இரண்டு க்ரேட் தழை அதில் ஏறினால் தூரக் கணக்கே மாறிவிடும். இதைத் தொடங்கத் தோதான இடம் உழவர் சந்தை. 1999-இல் மதுரையில் ஆரம்பித்த அந்த ஏற்பாட்டில் விற்பவர் விவசாயி, அவர் வீட்டில் பெரும்பாலும் ஆடோ மாடோ இருக்கும். விற்பனை முற்பகலோடு முடிகிறது, கடை சிறியது, சீவுபவரும் எடுத்துப் போகிறவரும் ஒரே ஆள். பக்கத்துக் கடைக்காரருக்கு ஆடு இல்லையென்றால் அவருடைய கோஸ் இலையும் இவர் கூடைக்கு வரும். வேண்டியதெல்லாம் வாசலில் ஒரு தண்ணீர்க் குழாயும், தழை ஏறிய க்ரேட்டை மறுநாள் காய் ஏற்றும் முன் கழுவ வேண்டும் என்ற விதியும்தான்.